தூசி தட்டிய டிடி-1

1968-ல் யமஹா டிடி-1 வந்தபோது, அமெரிக்காவில் மண் பாதையில் ஓட்ட நினைத்தவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கனத்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள், இல்லையென்றால் ஐரோப்பியப் பந்தய வண்டிகள். 246 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட இந்த வண்டியோ சாலைக்கும் ஆயிற்று, மண்ணுக்கும் ஆயிற்று. கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டிடி-1-கள் இன்றும் உயிர் பெறுவதற்கு அவற்றின் உறுதியே காரணம் என்பார்கள். பிரிப்பதற்கு எளிதாக இருந்ததுதான் காரணம் என்பேன். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. சிலிண்டரைக் கழற்றினால் தேய்மானம் கண்ணுக்கே தெரிந்துவிடும். நிறைய விற்றதால் உதிரி பாகம் கிடைக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். பாகம் கிடைத்தாலும் வீட்டிலேயே மாட்ட முடிந்தால்தானே பயன்?

ஆனால் இந்த எளிமை ஏமாற்றவும் செய்யும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல்கள் காய்ந்து இறுகினால் காற்று உள்ளே கசியும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிச் சிக்கும். கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து உதைத்தாலும் வண்டி கிளம்பிவிடும். ஆனால் சீல் கசிந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காது. ஆயிலைத் தனியாகச் செலுத்தும் ஆட்டோலூப் பம்பையும் உடனே நம்பக் கூடாது. அது சரியாக ஊட்டுகிறது என்று தெரியும்வரை பெட்ரோலிலேயே ஆயில் கலப்பது நல்லது. ஓடுகிற எஞ்சினை எதற்குப் பிரிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. சிக்கிய பிஸ்டனை மாற்றி, சிலிண்டரை ரீபோர் செய்யும் செலவோடு பார்த்தால் சீல்களின் விலை சொற்பம்.