குசினியில் கேட்ட கதையும் சென் லூயிஸ் நகரின் இரண்டு வாரங்களும்

1972ஆம் ஆண்டில் எனக்குப் பத்தொன்பது வயது. எமது ஊரின் காதி நீதவானாக இருந்த என் மாமாவுக்கு எழுத்து வேலைகளில் ஒத்தாசை செய்துவந்தேன். மாமா வீட்டு முன்விறாந்தைதான் நீதிமன்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்த நீண்ட வாங்குகளில் ஒருபுறம் மாப்பிள்ளை வீட்டாரும் மறுபுறம் பெண் வீட்டாரும் முகம் பாராமல் உட்கார்ந்திருப்பர்.

அப்படி வந்த ஒரு தம்பதியரை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கலியாணமாகி ஒன்றரை வருடம். பெண்தான் பஸ்ஹு கேட்டு மனுச் செய்திருந்தாள். "இவர் என்னோடு பேசுவதில்லை, தன் தாய் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார்" என்பது அவளது முறைப்பாடு. "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்பது அவனது பதில். அதற்கு மேல் ஒரு சொல்லும் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மாமா மூன்று தடவை கேட்டார். பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா மெல்ல எழுந்து, பின்பக்கமாகக் குசினிக்குள் மாமியிடம் போனார். சிறிது நேரத்தில் மாமி திரைச்சீலைக்குப் பின்னால் வந்துநின்று மாமாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாமா திரும்பிவந்து இரண்டு தவணை கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் தவணையில் பிரிவு. காரணம் என்ற இடத்தில் "மனம் ஒத்துப்போகாமை" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஏறக்குறைய இருபது வருடங்களின் பின்னர், மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கழன்ற ஆங்கில நூலொன்று கையில் அகப்பட்டது. வில்லியம் மாஸ்டர்ஸ், வேர்ஜினியா ஜோன்சன் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய 'மனிதப் பாலியல் குறைபாடு' என்ற நூல். இத்தகைய விடயத்தை இவ்வளவு வறண்ட ஆங்கிலத்தில் எழுத முடியுமா என்று வியக்க வைக்கும் நடை. வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள் என்று பின்னர் அறிந்தேன். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, ஓரிடத்தில் எனக்கு அந்த விறாந்தை ஞாபகம் வந்துவிட்டது. நூல் வெளியான ஆண்டைப் பார்த்தேன். 1970. அந்தப் பெண் எம் முன்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இரண்டு வருடம் முந்தியது.

அந்த நூல் எங்கிருந்து முளைத்தது என்று தேடப்போனதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பழையதிலிருந்து தொடங்குவதானால், 1786ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோன் ஹன்டர் என்ற அறுவை வைத்தியர் மேக நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே ஆண்மை இழந்துவிட்டதாகக் கவலைப்பட்டு வந்த ஒருவரின் கதை வருகிறது. அவருக்கு ஹன்டர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஆறு இரவுகள் அந்தப் பெண்ணோடு ஒரே படுக்கையில் படுக்கவேண்டும், ஆனால் என்ன ஆசை வந்தாலும் கூடுவதில்லை என்று தனக்குத்தானே உறுதி செய்துகொள்ளவேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினார். இரண்டு வாரத்தில் நிலைமை தலைகீழாயிற்று. முன்பெல்லாம் தன்னால் முடியாமற் போய்விடுமோ என்று பயந்துகொண்டு படுக்கைக்குப் போனவர், இப்போது உறுதி குலைந்துவிடுமோ என்று பயந்துகொண்டு போனாராம். நோய் பயத்திலே இருந்தது, பயம் இடம்மாறியதும் நோய் போயிற்று. வைத்தியத்தின் முழுச் சூத்திரமும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிக் கிடந்தது. ஆயினும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக அதை எவரும் ஒரு முறையாக வளர்த்தெடுக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் பலர் பலதும் செய்தனர். 1919இல் பேர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் நிறுவிய பாலியல் விஞ்ஞான நிறுவனத்தில் தம்பதியருக்கு ஆலோசனையும் வழங்கப்பட்டது. 1933 மே மாதம் நாஸிகள் அதைச் சூறையாடி, நூலகத்தை வீதியில் போட்டு எரித்தனர். 1926இல் ஒல்லாந்து வைத்தியரான வன் டி வெல்டே இலட்சியத் திருமணம் பற்றி எழுதிய நூல் பல மொழிகளில் பரவியது. ஆனால் சிகிச்சை என்று வந்தபோது, அன்று கொடிகட்டிப் பறந்தது சிக்மண்ட் புரொய்டின் உளப்பகுப்பாய்வுதான். பாலியல் சிக்கல் என்பது சிறுபராய மனமோதல்களின் வெளிப்பாடு என்று அது கருதியது. ஆகவே நோயாளி தனியாக வரவேண்டும், சாய்மனையில் படுத்து வருடக்கணக்காகப் பேசவேண்டும். அவரது துணை வீட்டிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். மனத்தின் ஆழத்தைக் காட்டியதில் புரொய்டுக்கு உரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டிலில் இருவர் படுக்கிறார்கள் என்ற எளிய விடயத்தை அவரது சீடர்கள் மறந்துபோனார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

மாஸ்டர்ஸ், சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று வைத்தியர். மலட்டுத்தன்மைச் சிகிச்சையில் பெயர் பெற்றவர். கூடலின்போது மனித உடலில் என்ன நடைபெறுகிறது என்பதை எந்த வைத்திய நூலும் சொல்லவில்லையே என்று கண்டு 1954இல் அதை ஆராயத் தொடங்கினார். அதற்கு முன்னர் கின்ஸி என்ற விலங்கியலாளர் ஆயிரக்கணக்கானோரைப் பேட்டி கண்டு 1948இலும் 1953இலும் இரண்டு பெருநூல்களை வெளியிட்டிருந்தார். ஆனால் அவை மக்கள் சொன்னவை. மாஸ்டர்ஸ் அளந்து பார்க்க விரும்பினார். பெண்களைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதும், ஒரு பெண் துணையின்றி அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது என்பதும் அவருக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. அவ்வாறு 1957இல் உதவியாளராக வந்து சேர்ந்தவர்தான் வேர்ஜினியா ஜோன்சன். இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு காலத்தில் வானொலியில் பாடியவர். பட்டம் எதுவும் பெற்றிருக்கவில்லை. மனிதரோடு பேசத் தெரிந்தவர். வைத்தியருக்கு இல்லாதிருந்தது அதுவே.

அவர்களது ஆய்வுகூட ஆராய்ச்சி 1966இல் முதல் நூலாக வெளிவந்தது. 382 பெண்களும் 312 ஆண்களும் அதில் பங்குபற்றியிருந்தனர். அந்த ஆய்வின் ஒழுக்கம் பற்றி அன்றே கடும் கண்டனங்கள் எழுந்தன. நமது வாசகர்கள் பலருக்கும் அது உவப்பாக இராது, எனக்கும் சில இடங்களில் இல்லை. ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. அதற்குப் பக்கத்திலேயே, 1959 முதல், அவர்கள் தம்பதியருக்குச் சிகிச்சையளிக்கத் தொடங்கியிருந்தனர். மருதானையில் என் கைக்கு வந்தது அந்தப் பதினொரு வருட அனுபவம்.

முறை இதுதான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வரவேண்டும், தனியே வர அனுமதியில்லை. வேலை, பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் விட்டுவிட்டு அந்நகரில் ஹோட்டல் அறையொன்றில் இரண்டு வாரம் தங்கி, நாள்தோறும் நிலையத்துக்கு வந்துபோக வேண்டும். அங்கே சிகிச்சையாளரும் ஒருவரல்லர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். முதல் நாள் ஆண் சிகிச்சையாளர் கணவனிடமும் பெண் சிகிச்சையாளர் மனைவியிடமும் கதை கேட்பார்கள். இரண்டாம் நாள் ஆளை மாற்றிக் கேட்பார்கள். மூன்றாம் நாள் உடற்பரிசோதனை. அது முடிந்தபின் நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வர். கேட்டதை அங்கே அந்தத் தம்பதியருக்கே எடுத்துச் சொல்வார்கள். ஒன்றாகக் குடும்பம் நடத்திய இருவர், ஒருவர் பயந்ததை மற்றவர் முதன்முதலாகக் கேட்பது அந்த மேசையில்தான்.

அதன்பின் கொடுக்கப்படும் வீட்டுவேலை ஹன்டருடைய அதே வைத்தியத்தின் வளர்ந்த வடிவம். கூடல் தடை. கணவனும் மனைவியும் மாறிமாறி ஒருவரையொருவர் தொடவேண்டும், அதுவும் முதலில் மறைவிடங்களை விலக்கி. தொடுபவர் மற்றவரைக் கிளர்ச்சியூட்ட முயலக்கூடாது. விரல் நுனியில் உணரப்படும் சூடு, மென்மை, சொரசொரப்பு ஆகியவற்றிலேயே மனதைக் குவிக்கவேண்டும். எங்கும் போய்ச் சேரவேண்டியதில்லை என்பதால் தோற்றுப்போகவும் இடமில்லை. மறுநாள் வந்து நடந்ததைச் சொல்லவேண்டும். படிப்படியாகவே தடை தளர்த்தப்படும். படுக்கையில் தானே தனக்குப் பார்வையாளனாக நின்று "என்னால் முடிகிறதா?" என்று வேவு பார்க்கும் மனம்தான் பெரும்பாலான சிக்கல்களின் வேர் என்று அவர்கள் கண்டிருந்தனர். அந்த வேவுக்காரனுக்கு வேலையில்லாமற் செய்வதே இந்தப் பயிற்சி.

அந்த நூலில் 510 தம்பதியரின் கணக்கு இருக்கிறது. அவர்களுள் 223 தம்பதியரில் கணவன் மனைவி இருவரிடமுமே சிக்கல் காணப்பட்டது. குறை யாரிடம் என்று விசாரிக்கும் நமது வழக்கத்தை இந்த ஓர் எண்ணே கேலி செய்கிறது. நோயாளி கணவனுமல்ல, மனைவியுமல்ல, இருவருக்கும் நடுவிலுள்ள உறவே நோயாளி என்பது அவர்களது துணிபு.

எனக்கு விறாந்தையை நினைவூட்டிய பக்கம் வேறொன்று. சில பெண்களுக்கு, கணவன் நெருங்கும்போது அடிவயிற்றுத் தளத்தின் தசைகள் தாமாகவே இறுகிக் கதவடைத்துவிடும். விருப்பமின்மை அல்ல. கண்ணுக்கு நேரே ஏதும் வந்தால் இமை மூடிக்கொள்வதைப் போல, அவளது கட்டளைக்கு அப்பாற்பட்டது. கூடல் என்பதே நிகழாமல் வருடங்களைக் கழித்த தம்பதியர் இப்படி அவர்களிடம் வந்தனர். சிகிச்சையாளர்கள் முதலில் செய்தது, பரிசோதனையின்போது கணவனையும் உடனிருக்கச் செய்து, அந்த இறுக்கம் அவள் வேண்டுமென்று செய்வதல்ல என்பதை இருவருக்கும் ஒன்றாகவே விளங்கப்படுத்தியது. அதன்பின் படிப்படியாகப் பருமன் கூடும் சிறு கருவிகளைக் கொண்டு, அவள் சொல்லும் வேகத்தில், உடலைப் பழக்கினார்கள். இத்தகையோருக்குக் கிடைத்த பெறுபேறு மிக நல்லது. அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போன ஒரு கணவன், எப்படி வெளியே வந்திருப்பான் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இவர்களைக் கொண்டாடி எழுதுவதோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறாகாது. வெற்றியைச் சொல்லாமல், தோல்வி ஏறக்குறைய 20 வீதம் என்று மட்டுமே அவர்கள் கணக்குக் காட்டினார்கள். தோல்வி இல்லை என்றால் என்ன என்பதை எங்கும் தெளிவாக வரையறுக்கவில்லை என்று 1980இல் சில்பர்கெல்ட், எவன்ஸ் என்ற இருவர் சுட்டிக்காட்டினர். வேறிடங்களில் அதே முறையைக் கையாண்டவர்களுக்கு அத்தனை நல்ல பெறுபேறு கிட்டவில்லை. வசதி படைத்த, படித்த, தாமாகவே தேடிவந்த தம்பதியர்தான் அவர்களிடம் அதிகம் வந்திருந்தனர் என்பதும் உண்மை. ஆணும் பெண்ணுமாக இரு சிகிச்சையாளர் வேண்டியதில்லை, ஒருவரே போதும் என்று பின்னர் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. ஹோட்டல் அறை போய், வாரத்துக்கொரு நாள் வந்துபோகும் முறை வந்தது. அதனால்தான் சாதாரண ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் இந்தச் சிகிச்சை நுழைய முடிந்தது.

தோல்வியடைந்தவர்களை உற்றுப் பார்த்தவர் நியூயோர்க்கின் உளமருத்துவர் ஹெலன் சிங்கர் கப்லன். வியன்னாவில் பிறந்தவர். 1974இல் அவர் எழுதிய நூல் பயிற்சிகளோடு உளப்பகுப்பாய்வையும் இணைத்தது. உடல் இயங்காமையல்ல, ஆசையே எழாமையே பலரது சிக்கல் என்று 1970களின் பிற்பகுதியில் அவர் எடுத்துக்காட்டினார். 2000ஆம் ஆண்டில் கனடாவின் ரோஸ்மேரி பாஸன் இன்னும் ஒரு படி மேலே போனார். நீண்டநாள் இல்லறத்தில் உள்ள பெண்ணுக்கு ஆசை முதலில் வரவேண்டும் என்ற நியதியில்லை, அன்பும் அணுக்கமும் தொடுகையும் முன்னே வர, ஆசை பின்னே வரலாம் என்றார். தம்மிடம் ஏதோ குறை என்று எண்ணியிருந்த எத்தனையோ பெண்களை அது குற்றவுணர்விலிருந்து விடுவித்திருக்கும்.

ஹொனலூலுவின் உளவியலாளர் ஜெக் அனன் 1976இல் முன்வைத்த ஒரு திட்டமும் எனக்குப் பிடித்தமானது. உதவியை அவர் நான்கு படிகளாக்கினார். முதற்படி அனுமதி. இதைப் பற்றிப் பேசலாம், உங்களுக்கு மட்டும் வந்ததல்ல என்று சொல்வது. அடுத்தது சிறிதளவு தகவல், அதற்கடுத்தது குறிப்பான யோசனை. கடைசிப்படிதான் ஆழமான சிகிச்சை. பெரும்பாலானோர் அந்தக் கடைசிப்படிக்கு வரத் தேவையேயில்லை என்பது அவரது கருத்து.

1998 மார்ச்சில் அமெரிக்க அரசு வயாகராவுக்கு அனுமதி வழங்கியது. மார்பு வலிக்கென்று இங்கிலாந்தில் ஆராயப்பட்ட மருந்து, வேறு வேலை செய்யக் கண்டு திசைதிரும்பிய கதை யாவரும் அறிந்தது. நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் ஆண்மையைப் பாதிக்கும் என்பதும், எல்லாம் மனப்பிராந்தியல்ல என்பதும் அதனால் உறுதியாயிற்று. பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் குளிசை ஒருவர் மட்டும் விழுங்குவது. கட்டிலின் மறுபாதியில் படுத்திருப்பவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு வாங்கிய பலர் ஒரு கட்டத்தில் அதைத் தொடராமல் விட்டபோது, சிகிச்சையாளர்கள் மீண்டும் இருவரையும் சேர்த்து அழைக்கத் தொடங்கினார்கள்.

நமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. இலண்டனில் பணியாற்றிய இலங்கையரான உளவியலாளர் பத்மல் டி சில்வா, 1989இல் இன்னொருவருடன் சேர்ந்து, தாது இழப்பே தமது பலவீனத்துக்கெல்லாம் காரணம் என்று நம்பி இலங்கையில் சிகிச்சைக்கு வந்த ஆண்களைப் பற்றிப் பாலியல் மற்றும் மணவாழ்வுச் சிகிச்சைக்கான சஞ்சிகையொன்றில் ஆய்வுக்கட்டுரை எழுதினார். லேகிய விளம்பரங்களை வாசித்து வளர்ந்த எனக்கு, அந்தப் பயத்தை ஒருவர் கேலி செய்யாமல் எடுத்துப் பேசியதே பெரிய காரியமாகப் பட்டது.

மாமா மௌத்தாகிப் பல வருடங்களின் பின்னர், வயது முதிர்ந்திருந்த மாமியிடம் ஒருநாள் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கூச்சத்தோடுதான் சொன்னேன். ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் இருந்து விசாரிக்கும் முறையைக் கேட்டு மாமி வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். அன்று குசினியில் அந்தப் பெண்ணின் உம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கிட்ட வந்தா உடம்பெல்லாம் கல்லாப் போகுதாம், அவக்கே ஏனெண்டு வெளங்குதில்லையாம். அவர்ல சரியான விருப்பமாம், அழுகுதாம் பிள்ள" என்றார் மாமி.

"மாமாவிடம் அதைச் சொன்னீங்களா?"

"பிள்ளக்குப் பயம் எண்டு மட்டும் சொன்னன். மத்ததயெல்லாம் உங்கட மாமாக்கிட்ட எப்பிடி மகன் நான் சொல்ற?"