தூத்துக்குடிக் கரை ஆப்பமும் கள்ளும்

நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் மெல்லிய முறுகலாகவும் சட்டியில் சுழற்றி வார்க்கப்படுவது ஆப்பம். கொற்கையின் முத்தையும் கள்ளையும் ஒருசேரச் சொல்லும் மதுரைக்காஞ்சி, தேனடை போன்ற மெல்லடை விற்கும் கூவியர் இரவில் தூங்கி வழிவதையும் காட்டுகிறது. அந்த மெல்லடையை ஆப்பத்தின் மூதாதை எனலாம்.

திருச்செந்தூர்த் தேரிப் பகுதியில் பனைகள் மிகுதி. அரைத்த மாவில் சிறிது கள் விட்டால் அதிலுள்ள ஈஸ்ட் மாவைப் பொங்கச் செய்யும். எழும் வாயுவே ஆப்பத்தின் கண்கள். (சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் எளிதில் புளிக்காது, இதற்கு உதவாது.) 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. இடையில் தளர்ந்தாலும், 1987 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. ஆப்பத்துக்கான ஒரு கரண்டிக் கள்ளும் அதில் அடங்கிப்போனது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையில் அது இன்றும் சட்டப்படி விற்கப்படுகிறது. இங்கோ சோடா உப்பு. அது மாவை உப்பவைக்கும், புளிப்பைத் தராது. தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை கலந்து, ஓரிரவு புளிக்கவைத்து மாவில் சேர்ப்பவர்கள் வீட்டில் பழைய மணம் சற்றேனும் கிடைக்கும்.