போபாலில் கேட்ட கேள்வி

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் தில்லித் தமிழர்களுக்குப் போபால் பழக்கமான ஸ்டேஷன். விஷவாயு என்றால் கண்ணும் நுரையீரலும்தான் ஞாபகம் வரும். மனசு?

1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து வாயு கசிந்தது. பேரதிர்ச்சிக்குப் பிறகும் ஆறாத மனக்காயத்துக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறி அப்போது 4 வருடம்தான் ஆகியிருந்தது.

1985 தொடக்கத்தில் லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரிக் குழு, 10 கிளினிக்குகளுக்கு வந்த 855 பேரை விசாரித்தது. உடம்புக்கு மருந்து வாங்க வந்தவர்கள்தான். ஆனால் 193 பேருக்கு மனநலப் பாதிப்பு உறுதியானது. அவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள்! மனச்சோர்வு, பதற்றம் என்றே பெரும்பாலும் பதிவானது.

கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இருமல் மருந்தோடு அனுப்பியிருப்பார்கள்.

சரி, இத்தனை பேருக்கு மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள், அங்கே வேலை பார்த்த சாதாரண அரசு டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 1985 ஏப்ரலில் சுமார் 50 பேர் பயின்றார்கள். இதே யோசனைதான் கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதிக்கப்பட்டு, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமாகக் கிளம்பியது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? அம்மாவோ அக்காவோ படபடப்பு என்றால் இ.சி.ஜி. எடுக்கிறோம். நார்மல் என்று வந்தால் அத்தோடு முடிந்தது. என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். ஹிந்தி தெரியாத நம் பெண்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.