சுவருக்கு உள்ளும் வெளியும்: பசிபிக் தீவுகளில் மிஷனரித் தம்பதியரின் இல்லறம்

1819 அக்டோபரில் பாஸ்டனிலிருந்து ஹவாய்க்குப் புறப்பட்ட ‘தாடியஸ்’ கப்பலில் ஏழு மிஷனரித் தம்பதியர் இருந்தனர். அவர்களுள் ஆறு தம்பதியருக்குத் திருமணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஹைரம் பிங்காமும் சிபில் மோஸ்லியும் முதன்முதலாகச் சந்தித்து இரண்டு வாரம் முடிவதற்குள் மணம் செய்துகொண்டவர்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியம் மணமானவர்களையே விரும்பியதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். 1796இல் லண்டன் மிஷனரி சங்கம் தென்கடலுக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் மணமாகாத ஆண்கள். சிலர் தீவுப் பெண்களோடு குடும்பம் நடத்தத் தொடங்கி ஊழியத்தைக் கைவிட்டனர். டோங்காவில் ஜார்ஜ் வேசன் அந்நாட்டு உடையும் மனைவியருமாக வாழ்ந்த கதை ஆதரவாளர்களை வெகுகாலம் உறுத்தியது. ஆக, மனைவி முதலில் கணவனுக்குக் காவல். அதன் பிறகே ஊராருக்கு முன்மாதிரி.

இந்தப் பெண்களை வரலாற்றின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது பட்ரீஷியா கிரிம்ஷாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு. தமக்கென ஓர் அழைப்பு உண்டு என்று நம்பிக் கடல் கடந்தவர்களைப் பிள்ளைப்பேறும் சமையலும் துவையலும் எப்படி விழுங்கின என்பதை அது காட்டுகிறது. எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் அந்தப் பார்வை வெள்ளையர் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. முன்மாதிரி இல்லம் என்பது ஊரார் கண்ணில் படும்படி திறந்திருக்க வேண்டும். ஊராரின் பழக்கம் ஒட்டாதபடி மூடியும் இருக்க வேண்டும். ஹவாய் மிஷன் இல்லறம் இந்த முரணிலிருந்து மீளவே இல்லை என்பது என் வாதம். தீவுகளின் அன்றாடத்தை மாற்றிய தம்பதியரைத் தேடினால், ரரோடொங்காவிலிருந்தும் சமோவாவிலிருந்தும் சென்ற தீவு உபதேசியார்களையும் அவர்கள் மனைவியரையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில், முன்மாதிரி யாருக்குத் தேவைப்பட்டது? ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது என்ற ஹவாய் விலக்கு 1819 நவம்பரில் முறிந்தது. காஅஹுமானு, கெயோபுவோலானி ஆகிய அரச மகளிரின் தூண்டுதலால் மன்னர் லிஹோலிஹோ பெண்களோடு பந்தியில் அமர்ந்தார். அப்போது ‘தாடியஸ்’ நடுக்கடலில் இருந்தது. குடும்பமாக ஒரே மேசையில் உண்பதைப் பாடமாகக் கற்பிக்க நினைத்தவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே, அந்தப் பாடத்தைத் தீவுப் பெண்கள் தாமாகவே எழுதிவிட்டார்கள்.

தையல் விஷயமும் அப்படித்தான். 1820 ஏப்ரல் 3ஆம் நாள், கப்பல் கைலுவாவை நெருங்கும் முன், மறைந்த மன்னர் கமேஹமேஹாவின் மனைவியருள் ஒருவரான கலாகுவா வெள்ளைத் துணிச்சுருளோடு கப்பலுக்கு வந்தார். தமக்கு மிஷனரிப் பெண்களின் பாணியில் ஓர் உடை வேண்டும், மன்னரைச் சந்திப்பதற்குள் முடிய வேண்டும் என்றார். மிஷனரிப் பெண்கள் ஏழு பேரும் மேல்தளத்துப் பாயில் அமர்ந்தனர்; இருவர் கத்தரியெடுத்து வெட்டினர்; உடன் வந்திருந்த பிரபுகுலப் பெண்களுக்கு ஒட்டுத்துணி தைக்கும் வேலை தரப்பட்டது. இதை எழுதிவைத்த லூசி தர்ஸ்டன், தையல் வட்டத்தின் தலைவி கலாகுவாவே என்கிறார். நாகரிகம் கற்பிக்கப்பட்ட காட்சியாக இதைப் படிப்பது வழக்கம். உத்தரவிட்டது யார், ஊசி பிடித்தது யார் என்று கேட்டால் காட்சி தலைகீழாகிறது. கரை இறங்கிய பின்னும் பிரபுக்களின் சட்டைகளும் கவுன்களும் மிஷன் பெண்களின் மடியில் குவிந்தன. மிஷனுக்குக் கிழங்கும் மீனும் அந்தப் பிரபுக்களின் தயவில்தான் வந்தன.

இத்தனை சார்ந்திருந்தும், பிள்ளைகள் வளர வளரச் சுவர் எழுந்தது. கைலுவாவில் தர்ஸ்டன் வளாகத்தைக் கல்சுவர் சூழ்ந்திருந்தது; உள்ளே ஊரார் வந்துபோக ஒரு பகுதி, வீட்டு வேலையில் இருந்த ஹவாய் மக்களுக்கு ஒரு பகுதி, பிள்ளைகளுக்கு மட்டுமான முற்றம் ஒன்று. பிள்ளைகள் ஹவாய் மொழி பேசக் கூடாது. யாருடைய ஆன்மாவுக்காகப் பெற்றோர் அந்த மொழியை இரவு பகலாகக் கற்றார்களோ, அவர்களின் பேச்சு பிள்ளைகளின் காதில் விழக் கூடாதாம்! அந்தச் சுவரும் போதாதென்று பிங்காம் தம்பதியர் 1828இல் மகள் சோபியாவை ஏறத்தாழ எட்டு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். 1841இல் புனஹோ பள்ளி தொடங்கப்பட்டதற்கு இந்தப் பிரிவுத் துயரமே பெருங்காரணம். அதுவும் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே தொடங்கியது.

தீவு உபதேசியார்களைப் பயிற்றுவித்த ரரோடொங்காவின் தகமோவா கல்லூரி (1839), சமோவாவின் மலுவா கல்லூரி (1844) ஆகியவற்றில் நிலைமை வேறு. மலுவாவில் மாணவர்கள் மனைவியோடு வந்து தங்கினர். தோட்டம் போட்டுத் தாமே பயிரிட்டு உண்டனர். மனைவியரும் பாடம் படித்தனர். 1870களில் பப்புவாக் கரைக்குப் போன தம்பதியர் இப்படிப் பழகியவர்கள். மங்காயா தீவின் ருவாடோகாவும் மனைவி துங்கானேயும் 1873இல் போர்ட் மோர்ஸ்பி வந்தனர். வெள்ளை மிஷனரிகளான வில்லியம் லாஸ், ஃபேனி லாஸ் தம்பதியர் அங்கே குடியேறியது மறு ஆண்டு. தீவுத் தம்பதியருக்கு ஹார்ன் முனையைச் சுற்றி வரும் மாவு தேவையில்லை. நடுவதும் மீன் பிடிப்பதும் கூரை வேய்வதும் கைவந்த வேலை. போர்ட் மோர்ஸ்பி மக்களின் மோட்டு மொழியும் அவர்கள் தாய்மொழியும் ஒரே ஆஸ்திரோனீசியக் குடும்பம். அவர்கள் கொண்டுவந்த பாட்டு முறை ‘பெரோவெட்டா’ என்ற பெயரில் பப்புவாத் திருச்சபைகளில் வேரூன்றியது.

தீவுக்காரர்களுக்கு அந்தத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளும் என்று லண்டன் சங்கத்தார் கணக்குப் போட்டனர். அது பிழையான கணக்கு, கொடிய கணக்கும்கூட. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு ரரோடொங்காவும் மங்காயாவும் அடங்கிய குக் தீவுகளிலும் சமோவாவிலும் இல்லை. ஆகவே வெள்ளையரைப் போலவே அவர்களும் எதிர்ப்பாற்றலின்றி வந்து, குழந்தை குட்டிகளோடு காய்ச்சலில் மாண்டனர். 1881இல் பப்புவாவின் காலோ ஊரில் உபதேசியார்களும் மனைவி மக்களும் சேர்ந்தே கொல்லப்பட்டனர். உபதேசியார்களின் ஊதியமோ ஐரோப்பிய மிஷனரி பெற்றதில் சிறு பங்கு.

இவர்களைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. சமோவாவில் போதகர் வீட்டைக் கட்டித் தருவதும் உணவளிப்பதும் ஊரின் கடமை. அந்த மரியாதையைப் பப்புவாவிலும் எதிர்பார்த்த சமோவா உபதேசியார்கள் ஊராரை ஏவி வேலை வாங்கினர், மனக்கசப்பு எழுந்தது. கல்சுவர் இல்லையென்றாலும் மேல் கீழ் இருந்தது. ஆனால் அது ஊரோடு உண்டு, ஊரோடு சண்டையிட்டு, ஊர்ப் பேச்சிலேயே வெளிப்பட்ட ஏற்றத்தாழ்வு. எதிர்ப்பதற்கும் பப்புவா மக்களுக்கு அங்கே இடமிருந்தது.

சான்றுகள்தான் பெரிய தடை. லூசி தர்ஸ்டன் தம் வாழ்வைத் தாமே எழுதினார். ரரோடொங்கா உபதேசியார் தாவுங்கா எழுதியவை 1968இல் ஆங்கிலத்தில் நூலாயின. உபதேசியார் மனைவியரின் கையெழுத்து மிக அரிது. அறிக்கைகளில் பெரும்பாலும் கணவர் பெயரே நிற்கிறது. துங்கானேயின் ஒரு நாளை அறிய வேண்டுமானால் ஐரோப்பியர் வேறெதையோ சொல்லப்போய் வழியில் உதிர்த்த வரிகளைத்தான் பொறுக்க வேண்டும்: யார் வீட்டில் கஞ்சி கிடைத்தது, காய்ச்சலில் கிடந்த தங்கவேட்டைக்காரன் யார் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தான், பள்ளிச் சிறுமியர் யாரிடம் பாய் முடையக் கற்றனர் என்பன போன்ற வரிகள்.