நாலு மணி நேரம்தானே?



போன வாரம் சிங்கப்பூரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். திருவொற்றியூர்ப் பையன். "நாலு மணி நேரப் பயணம்தான் சார். ஆனா அம்மா தவறினப்போ நான் வந்து சேர ரெண்டு நாள் ஆயிடுச்சு. சொந்தக்காரங்க இன்னும் சொல்லிக் காட்டுறாங்க" என்றார். அவருக்காகவே இந்தப் பதிவு.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 11 மணிக்கு விமானம் ஏறினால், அங்கே இறங்கும்போது விடியற்காலை ஐந்தரை.

நம் பெரியவர்கள் இதே தூரத்தை நாள் கணக்கில்தான் சொல்வார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னைத் துறைமுகத்தில் கிளம்பும். நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பெரும்பாலோர் டெக் பயணிகள். பாய் விரித்த இடம்தான் படுக்கை.

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945இல் போர் முடியும்வரை பயணிகள் கப்பல் இல்லை. அக்கரையில் கணவன், இக்கரையில் மனைவி. தூரம் ஒரு மைல்கூடக் கூடவில்லை. வழிதான் அடைபட்டுப் போனது.

போருக்குப் பின் ரஜூலா மறுபடி ஓடியது. 1960களில் என் மாமா அதில்தான் போனார். ராயபுரம் கடற்கரையில் பாட்டி, கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நின்றது நினைவிருக்கிறது. சில வருடங்கள் கழித்துத் தாத்தா இறந்தபோது தந்தி கொடுத்தோம். அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து மாமா வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. கடல் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும்.

1973இல் ரஜூலா நின்றது. அதே வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அந்தக் கப்பல் பிறகு ஓடவே இல்லை. விமானமே வழியானது.

வாரம் மணியாகச் சுருங்கியதும் நம் பொறுமையும் சேர்ந்து சுருங்கிவிட்டது. முதலாளி லீவு தர வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும், அந்த நேரத்து விலைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். இவையும் தூரம்தான். எந்த வரைபடத்திலும் இவற்றைக் குறிப்பதில்லை.

மாமாவுக்குக் கிடைத்த மன்னிப்பு என் மாணவருக்கும் கிடைக்க வேண்டாமா? தம்பி, நீ தாமதமாக வரவில்லை. தூரத்திலிருந்து வந்தாய்.

உங்கள் வீட்டில் கப்பலேறிப் போனவர்கள் உண்டா? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.