கார் நிகோபார் களிமண்ணும் ஒரு சிற்றினத்தின் பெயரும்

நிகோபாரில் கிராப்டோலைட் என்னும் தொல்லுயிர்ப் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. மிதந்து வாழ்ந்த கிராப்டோலைட்டுகள் டெவோனியன் காலத்திலேயே அற்றுப்போயின. நிகோபாரையும் உள்ளடக்கிய அந்தமான் தொடரின் ஓஃபியோலைட் பாறைகளோ அதற்கு வெகு பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தவை. பழங்களிப்பாறைகளுக்குக் கிராப்டோலைட் வயது சொல்வதுபோல், இங்குள்ள களிமண் அடுக்குகளுக்கு ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகள் வயது சொல்கின்றன. வகைப்பாட்டுச் சிக்கல் இரண்டிலும் ஒன்றே: ஒரு சிற்றினத்தின் பெயரை எது தாங்கி நிற்கிறது? விளக்கமும் படமும் போதும் என்போர் உண்டு. அது கார் நிகோபாரில் செல்லவில்லை.

1858இல் ஆஸ்திரியாவின் ‘நோவாரா’ கப்பல் நிகோபாருக்கு வந்தபோது புவியியலர் ஹொக்ஸ்டெட்டர் கார் நிகோபார் களிமண்ணைச் சேகரித்தார். அதிலிருந்த ஓடுகளைக் கொன்ராட் ஷ்வாகர் 1866இல் விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பயணத் தலைவர் வூலர்ஸ்டோர்ஃபின் நினைவாக ‘அனோமலினா வூலர்ஸ்டோர்ஃபி’ என்று பெயரிட்டார். ஓட்டின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் சற்றே மேடு. அறைகளைப் பிரிக்கும் தையற்கோடுகள் அரிவாளாய்ப் பின்னோக்கி வளைகின்றன. தட்டை முகத்தில் பெருந்துளைகள். பேரினம்தான் நிலைகொள்ளவில்லை. பிளானுலினா, சிபிசிடெஸ், சிபிசிடாய்டெஸ், ஃபோன்ட்போஷியா என ஆசிரியருக்கு ஆசிரியர் மாறிற்று. ஒருவருக்குத் துளை முதன்மை, இன்னொருவருக்கு வாய்.

இதை வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க முடியாது. பழங்கடலின் வெப்பத்தையும் பனிப்பாறைகளின் அளவையும் ஓட்டிலுள்ள ஐசோடோப்புகளைக் கொண்டு கணிக்க உலகெங்கும் இச்சிற்றினத்தின் ஓடுகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதே களிமண்ணிலிருந்து ஷ்வாகர் பெயரிட்ட யுவிஜெரினா புரோபோசிடியாவின் பேரினமும் அவ்வாறே பயன்படுகிறது. ஆனால் யுவிஜெரினாவின் ஆக்சிஜன்-18 மதிப்பு, அதே நீரில் வளர்ந்த சிபிசிடெஸ் வகையைவிட ஆயிரத்துக்கு 0.64 கூடுதல் என்று கொள்வது பழங்காலநிலை ஆய்வாளர் நிக்கோலஸ் ஷேக்கில்டன் தொட்டு வழக்கம். வெப்பக் கணக்கில் அது சுமார் 2.5 டிகிரி செல்சியஸ். இவ்விரண்டையும் முதலாண்டு மாணவர்கூடக் குழப்பமாட்டார். ஆபத்து நெருங்கிய உறவினங்களில் இருக்கிறது. வூலர்ஸ்டோர்ஃபி சேற்றின் மேற்பரப்பில் வாழ்வது. சேற்றுக்குள் வாழும் இனம் கலந்துவிட்டால் கார்பன்-13 மதிப்பு குறைந்து, ஆழ்கடல் நீரோட்டம் பற்றிய முடிவே பிறழும்.

பெயரைத் தாங்கி நிற்கவேண்டிய ஷ்வாகரின் மூலமாதிரிகள் எஞ்சவில்லை. கல்லச்சுப் படங்கள் எஞ்சின. துளைகளின் அடர்த்தியை அவற்றிலிருந்து அளப்பது இயலாத காரியம். எனவே காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். சீனிவாசனும் அவருடன் வி. சர்மாவும் கார் நிகோபார் மாதிரிகளைக் கொண்டு இச்சிற்றினங்களை மறு ஆய்வு செய்து 1980இல் நூலாக வெளியிட்டனர். தொலைந்த மூலமாதிரிக்குப் பதிலாக நிறுவப்படும் புதுமூலமாதிரி கூடியவரை மூல இடத்திலிருந்தும் அதே அடுக்கிலிருந்தும் வரவேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. படமே போதுமானால் இவ்விதிக்கு வேலையில்லை. பேரினம் நான்கு முறை மாறியும் சிற்றினப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், திரும்பிச் சென்று பார்க்க ஒரு மண் இருந்ததே.

அந்த மண்ணும் நிரந்தரமன்று. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் கார் நிகோபார் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள சவாய் விரிகுடாவின் கரையோர அடுக்குமுகங்களை மீண்டும் அளந்து, மாதிரி எடுத்து, புவிமரபிடமாக அறிவிக்க வேண்டும்.