டார்க்ஸ்: ஐந்தெழுத்துப் பெயர் வளர்ந்த விதம்

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கட்டுரைகளில் கார் ஓட்டும் சோதனை வந்தால், பெரும்பாலும் கூடவே ஒரு பெயரும் வரும்: டார்க்ஸ். 2015இல் கூகுளின் டீப்மைண்ட் குழு, திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து ஸ்டீயரிங் பிடிக்க ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்தபோது அதற்குப் பயிற்சிக் களமாக இருந்தது இந்த கேம்தான். ஆய்வகங்கள் நம்பி எடுத்துக்கொண்ட இந்த மென்பொருள் பொழுதுபோக்காகத் தொடங்கியது. அதன் தொடக்கத்தில் முப்பரிமாணம் கிடையாது. தட்டையான பந்தய உலகத்தில்தான் அது பிறந்தது.

டார்க்ஸ் என்பது டி, ஓ, ஆர், சி, எஸ் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளின் சேர்க்கை. ஐந்தும் ஒன்றாக வந்தவை அல்ல. கடைசி மூன்றும் முதலில் வந்தன. பிறகு இரண்டாவது எழுத்து வந்தது. முதலெழுத்து வந்ததுதான் கடைசியில். ஒரு பொழுதுபோக்குத் திட்டம் ஏன் பெயர் மாற்றிக்கொள்கிறது, மாற்றும்போது எதைக் கைவிடுகிறது, எதைக் கைவிட மனம் வராமல் வைத்துக்கொள்கிறது என்பதை இந்த ஐந்தெழுத்தில் பார்க்க முடிகிறது.

ஆர், சி, எஸ்ஸுக்கும் முன்னால் ஒரு மூதாதைப் பெயர் உண்டு. 1995இல் மிட்செல் டிமின் தொடங்கிய 'ரோபாட் ஆட்டோ ரேசிங் சிமுலேட்டர்', சுருக்கமாக ரார்ஸ். இதில் மனிதர் யாரும் கார் ஓட்ட மாட்டார்கள். காரை ஓட்டும் நிரலை எழுதி அனுப்புவார்கள். நிரல்கள் தமக்குள் பந்தயம் விடும். திரையில் தெரிவது வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பந்தயப் பாதை. அதன்மேல் கார்கள் சின்னஞ்சிறு வடிவங்களாக ஓடும். டிராக் உருவாக்க வரையக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். துண்டு துண்டாக எண்களை அடுக்கினால் போதும். ஒரு துண்டின் ஆரம் பூஜ்யம் என்றால் நேர்ச்சாலை, நேர் எண் என்றால் இடது வளைவு, எதிர் எண் என்றால் வலது வளைவு. ஓட்டுநர் நிரலுக்கும் அதே சிக்கனம்தான். இடது ஓரம் எவ்வளவு தூரம், வலது ஓரம் எவ்வளவு தூரம், இந்தத் துண்டு முடிய எவ்வளவு இருக்கிறது, அடுத்த வளைவின் ஆரம் என்ன என்ற விவரங்கள் நொடிக்குப் பல தடவை வந்துகொண்டிருக்கும். நிரல் திருப்பித் தர வேண்டியவை இரண்டே எண்கள்: காரைத் திருப்பும் கோணம், சக்கரத்தின் வேகம். இந்த இரண்டு எண்களைச் சரியாகக் கணிப்பதற்காகப் பல நாட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டார்கள்.

ரார்ஸின் முதலெழுத்து ரோபாட்டைக் குறித்தது. செக் நாடக ஆசிரியர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920இல் வெளியாகி உலகுக்குத் தந்த சொல் அது. 'ரோபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு. பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டிய வெட்டி வேலை. சொல்லை யோசித்துச் சொன்னவர் சாபெக்கின் அண்ணன் யோசெஃப். இந்த கேமில் 'ரோபாட்' என்பதற்கு உலோக உடம்பு எதுவும் இல்லை. நாலைந்து பக்க நிரல்தான் ரோபாட். இந்த வழக்கு பின்னால் டார்க்ஸுக்கும் அப்படியே போயிற்று.

1997இல் எரிக் எஸ்பியே, கிறிஸ்டோஃப் கியோனோ என்ற இருவர் ரார்ஸை அடியொற்றி ஓர் இருபரிமாண கேமை எழுதத் தொடங்கினார்கள். வைத்த பெயர் 'ரேசிங் கார் சிமுலேட்டர்', ஆர்.சி.எஸ். அலங்காரமே இல்லாத பெயர். 'பந்தயக் காரைப் பாவித்துக் காட்டுவது' என்று கடைப்பலகை எழுதுவது போல எழுதிவிட்டார்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ரோபாட் என்ற சொல் போய்விட்டது. அந்த இடத்துக்குக் கார் வந்தது. மூத்த திட்டம் யார் ஓட்டுகிறார் என்பதைப் பெயரில் சொன்னது. இளையது எது ஓடுகிறது என்பதைச் சொன்னது.

பிறகு இருவர் கைக்கும் த்ரீடிஎஃப்எக்ஸ் கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. தட்டையாக இருந்த உலகம் எழுந்து நின்றது. 'ஓப்பன்ஜிஎல்' என்ற வரைகலை இடைமுகம் வழியாக எல்லாம் முப்பரிமாணம் ஆயிற்று. பெயருக்கு முன்னாலும் ஓர் 'ஓப்பன்' ஏறியது: ஓப்பன் ரேசிங் கார் சிமுலேட்டர், ஓ.ஆர்.சி.எஸ். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற தொடரே 1998இல்தான் பிறந்தது. அந்தத் தலைமுறைத் திட்டங்களின் பெயர்களில் 'ஓப்பன்' ஒரு குலப்பெயர் மாதிரி நிற்கும். நிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம் என்று முதல் சொல்லிலேயே அறிவிக்கும் பெயர் அது.

இந்த நான்கெழுத்தைச் சேர்த்துப் படித்தால் 'ஓர்க்ஸ்' என்று ஒலிக்கும். டோல்கீனின் கதைகளில் கூட்டம் கூட்டமாக வரும் கோர உருவங்களுக்கு அதுதான் பெயர். அடுத்த மாற்றத்தில் முன்னால் 'தி' சேர்ந்து 'தி ஓப்பன் ரேசிங் கார் சிமுலேட்டர்' ஆனது. நமக்குத் தெரிந்த டார்க்ஸ் கிடைத்தது. 'டார்க்' என்று ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல்லும் இருக்கிறது. கெல்டிக் இனத்தார் கழுத்தில் அணிந்த முறுக்குக் காப்பு அது. முறுக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது. எஞ்சினின் முறுக்குவிசையைக் குறிக்கும் 'டார்க்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். எந்தச் சேர்க்கையில் கிடைத்திருந்தாலும், பந்தய கேமுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி அமைவது கடினம்.

கடையில் விற்ற கேம்கள் பெயர் வைத்த விதம் வேறு. 1974இல் அட்டாரி கொண்டுவந்த 'கிரான் டிராக் 10' மேலிருந்து பார்க்கும் பந்தய கேம்களுக்கு மூத்தது. அட்டாரியே போட்டி நிறுவனம் போலக் காட்டி நடத்திய கீ கேம்ஸ் அதே கேமை 'ஃபார்முலா கே' என்ற பெயரில் விற்றது. 1976இல் கீ கேம்ஸ் 'ஸ்பிரிண்ட் 2' வெளியிட்டது. இரண்டாம் பாகம் என்று யாரும் நினைப்பார்கள். இரண்டு பேர் ஆடலாம் என்பதுதான் அந்த 2இன் பொருள். அடுத்த ஆண்டு 'ஸ்பிரிண்ட் 4', 'ஸ்பிரிண்ட் 8' வந்தன. 'ஸ்பிரிண்ட் ஒன்' 1978இல் கடைசியாக வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டியில் டிஎம்ஏ டிசைன் 1995இல் 'ரேஸ் அண்ட் சேஸ்' என்று திட்டமிட்டது, 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வாக வெளிவந்தது. மேலிருந்து பார்க்கும் கேமாகத்தான் அது உலகுக்கு அறிமுகமானது.

எனக்குப் பிடித்த பெயர்மாற்றம் கோட்மாஸ்டர்ஸுடையது. 1991இல் அவர்கள் தந்த 'மைக்ரோ மெஷின்ஸ்' சாப்பாட்டு மேசைமீதும் பில்லியர்ட்ஸ் மேசைமீதும் பொம்மைக் கார்களை ஓடவிட்டது. பெயர் கேலூப் நிறுவனத்தின் பொம்மைகளுக்கு உரியது. பின்னால் அந்த நிறுவனமே ஹாஸ்ப்ரோ கைக்குப் போனது. 2014இல் அதே பாணியில் கோட்மாஸ்டர்ஸ் மறுபடி ஒரு கேம் செய்தபோது பொம்மையின் பெயரை வைக்கவில்லை. 'டாய்பாக்ஸ் டர்போஸ்' என்றார்கள். ஒரு சொல்கூடப் பழைய பெயரிலிருந்து வரவில்லை, மோனை மட்டும் வந்தது. மகரத்துக்கு மகரம் இருந்த இடத்தில் டகரத்துக்கு டகரம். பழகிய காது அந்த உறவைப் பிடித்துவிடும்.

விலையில்லாமல் வந்தவற்றில் பெயரழகுக்கு ஃபின்லாந்தின் 'ஜெனரேலி'யைத்தான் சொல்வேன். ஹன்னு ராபினா, யுக்கா ராபினா என்ற சகோதரர்கள் 2002இல் வெளியிட்டது. 'பொதுவாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கியதும் உள்ளிருந்து 'ரேலி' எட்டிப் பார்க்கிறது. காளமேகம் ரசித்திருக்கக்கூடிய சிலேடை. 'ரேலி' என்ற பிரெஞ்சு வழிச் சொல்லுக்கு மறுபடி ஒன்றுகூடுதல் என்பது அடிப்பொருள். 1911இல் நடந்த முதல் மான்டி கார்லோ ரேலியில் கார்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கிளம்பி மான்டி கார்லோவில் வந்து கூடின. மோட்டார் பந்தயத்தில் அந்தச் சொல் நிலைத்தது அதையொட்டித்தான். நம் ஊர் சைக்கிள் ரேலியும் கட்சி ரேலியும் அந்தப் பழைய பொருளுக்கே நெருக்கமாக இருக்கின்றன. ஃபின்லாந்திலோ ரேலி கிட்டத்தட்ட தேசிய விளையாட்டு. அங்கு 1951இல் தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'யூவாஸ்கூலான் சூரயோட்', அதாவது யூவாஸ்கூலா ஊரின் பெரும் ஓட்டங்கள். அது ஆயிரம் ஏரி ரேலியாகி, இன்று ரேலி ஃபின்லாந்தாக நிற்கிறது. ஊர்ப்பெயர் போய் நாட்டுப்பெயர் வந்தது.

ஜெனரேலியுடன் டிராக் செய்யும் கருவியும் சேர்ந்தே வந்தது. ஒரு படத்தில் தார், புல், மணல், பனி எல்லாவற்றையும் நிறங்களாகத் தீட்ட வேண்டும். இன்னொரு படத்தில் மேடு பள்ளத்தைக் கருப்பு வெள்ளைச் சாயல்களில் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நிலம் எழும். அதன்மேல் மரமும் டயர் சுவரும் வைத்து, கணினி ஓட்டும் கார்களுக்கு வழிக்கோடு போட்டால் டிராக் தயார். இப்படி டிராக்கும் காரும் செய்து இலவசமாகக் கொடுப்பவர்கள் தங்கள் திட்டங்களுக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயருக்குள் பெரும்பாலும் தாய் கேமின் பெயர் புகுந்துவிடும். அடுத்த கேமுக்கும் செய்யலாம் என்று கை நீளும்போது அதே பெயர் தடையாக நிற்கும். பெயரை மாற்றும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

டார்க்ஸுக்கும் அது நேர்ந்தது. ரோபாட்களுக்கிடையே நீண்ட பந்தயத் தொடர் நடத்த 'டார்க்ஸ் ரேசிங் போர்டு' என்று ஓர் ஏற்பாடு வந்தது. அதற்கென்று செய்த கார்களின் பெயர் 'கார்1-டிஆர்பி1', 'கார்2-டிஆர்பி1' என்று வரிசையாகப் போகும். டிஆர்பியின் முதலெழுத்தே டார்க்ஸ். ஒவ்வொரு காரின் ஃபோல்டரிலும் தாயின் பெயர் பொறித்திருந்தது.

பின்னால் பெர்ன்ஹார்ட் வைமன் என்பவர் பொறுப்பில் டார்க்ஸ் நிதானமாக வளர்ந்தது. ஆய்வாளர்களுக்கு அந்த நிதானம் வேண்டியிருந்தது. களம் மாறிக்கொண்டே இருந்தால் சோதனை முடிவுகளை எப்படி ஒப்பிடுவது? ஆடுபவர்களின் ஆசை வேறு. புதிய கார், புதிய டிராக், மழை, இன்னும் நல்ல காட்சி எல்லாம் சீக்கிரம் வர வேண்டும் என்று விரும்பியவர்கள் 2008 வாக்கில் நிரலைப் பிரித்தெடுத்துத் தனியே நடத்தத் தொடங்கினார்கள். டார்க்ஸுக்கு உள்ள ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. முதலில் வைத்த பெயர் 'டார்க்ஸ்-என்ஜி'. என்ஜி என்றால் அடுத்த தலைமுறை. இதுவரை நடந்த எல்லா மாற்றத்தையும் போலவே பழைய பெயரோடு எழுத்துச் சேர்த்ததுதான் இதுவும். முன்னால் சேர்க்க இடமில்லாததால் பின்னால் சேர்த்தார்கள். ஆனால் இப்போது நிலைமை வேறு. டார்க்ஸ் என்ற பெயரில் இன்னொரு குழு உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது. உரிமம் நிரலைத் தாராளமாகத் தந்தது. பெயரின் மதிப்பு அதைச் சம்பாதித்தவர்களிடமே இருந்தது.

ஆகவே 'ஸ்பீட் டிரீம்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். 2010இல் அந்தப் பெயரில் முதல் வெளியீடு வந்தது. ஆர் இல்லை, சி இல்லை. சிமுலேட்டருக்காக நின்ற எஸ் இப்போது வேகத்துக்காக நிற்கிறது. கண்ணியமான முடிவு என்றே நினைக்கிறேன். அடுத்தவர் பெயரின் நிழலில் கொஞ்ச நாள் வசதியாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. புதுப் பெயருக்குப் பழைய பெயரின் கனம் இல்லை என்பதும் உண்மைதான். ஸ்பீட் டிரீம்ஸ் என்றால் யாருக்கும் உடனே புரியும். டார்க்ஸ் என்றால் புரியாது. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மறக்காது.

கார்களுக்கும் பெயர் மாறியது. டார்க்ஸின் பழைய பதிப்புகளில் '360-மொடெனா', 'எக்ஸ்ஜே-220' என்று நிஜ ஃபெராரி, ஜாகுவார் கார்களின் பெயர்களே இருந்தன. நிறுவனங்களுக்கு உரிய பெயர்களைச் சுதந்திர மென்பொருள் ஒன்று சுமந்து திரிவது நல்லதல்ல. ஸ்பீட் டிரீம்ஸில் 'கவால்லோ 360' இருக்கிறது, 'லிங்க்ஸ் 220' இருக்கிறது. கவால்லோ என்றால் இத்தாலிய மொழியில் குதிரை. ஃபெராரியின் சின்னத்தில் முன்னங்கால் தூக்கி நிற்பது அதுதான். ஜாகுவார் பூனைக் குடும்பத்து விலங்கு, லிங்க்ஸ் அதற்கு உறவு. பெயர் போனது, எண் போகவில்லை. 360உம் 220உம் பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெரிந்தவர்களுக்கு எந்தக் கார் என்று விளங்கிவிடும். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் எதற்கு மறுபெயர் வைப்பதாக இருந்தாலும் இந்த வழியைத்தான் சிபாரிசு செய்வேன்.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் மாறாமல் வந்த பெயர் 'கே1999'. ரெமி கூலோம் ரார்ஸுக்காக எழுதிய ரோபாட் அது. பாதையின் நடுவே ஒரு கோட்டைப் போட்டு, வளைவு குறையும்படி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மிக வேகமாக ஓடக்கூடிய வழியைத் தானே கண்டுபிடிக்கும். 2000, 2001 ஆண்டுகளில் ரார்ஸின் ஃபார்முலா ஒன் தொடரை வென்றது. கூலோம் பிறகு கோ பலகை ஆட்டத்துக்குப் போனார். 2006இல் 'மான்டி கார்லோ ட்ரீ சர்ச்' என்று அவர் பெயரிட்ட தேடல் முறை கணினி கோவின் போக்கையே மாற்றியது. கே1999 மட்டும் பந்தய உலகத்தை விட்டுப் போகவில்லை. ரார்ஸிலிருந்து டார்க்ஸுக்கு வந்தது, அங்கிருந்து ஸ்பீட் டிரீம்ஸின் ஓட்டுநர் நிரல்களுக்குள் போயிற்று. அவற்றில் சிலவற்றின் தலைக்குறிப்பில் கூலோமின் பெயரும் கே1999 என்ற பெயரும் இன்னும் இருக்கின்றன.